சந்திச் சுவரில் ஒரு முகம்

செவ்வாய்க்கிழமை மதியம் செலாசிக்குச் சோளமாவுக் கென்கி உருண்டை உள்ளே இறங்கவில்லை. ஒரு விள்ளல் பிட்டு, மிளகாய்ச் சாந்தில் தொட்டு, அதைக் கையில் பிடித்தபடியே கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு பச்சைக் கோடு இருந்தது. மாலை ஆறு மணிக்கு அந்தக் கோடு இலக்கைத் தாண்டி நின்றால், அவளும் எபோவும் மூன்று வருடமாகக் கட்டி வந்த வீடியோ கேம் பிழைக்கும். மயிரிழை குறைந்தாலும், ஊரார் போட்ட பணமெல்லாம் போட்டவர்களிடமே திரும்பிப் போய்விடும். அந்த வசூல் தளத்தின் சட்டம் அப்படி. வந்தால் மொத்தமும், இல்லாவிட்டால் பட்டை நாமம்.

கோடு முந்தின நாளே இலக்கைத் தாண்டிவிட்டது. அவளுக்குப் பயம் பிடித்ததே அதற்குப் பிறகுதான். எட்டாத பழத்துக்கு யாரும் பயப்படுவதில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்ட வேண்டுமே என்பதுதான் பயம். பணம் போட்டவர்கள் ஆறு மணி வரைக்கும் மனம் மாறிப் பின்வாங்கலாம் என்றும் சட்டத்தில் இருந்தது. சில்லறையாகப் போட்டவர்கள் பின்வாங்கினால் கவலையில்லை. ஒரே ஒரு ஆள் பின்வாங்கினால் எல்லாம் முடிந்தது. அந்த ஆளின் பெயர் அவர்களுக்குத் தெரியாது. 'சனிக்கிழமை' என்று மட்டும் தன்னைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எபோ மூலையில் பாயில் குப்புறப் படுத்து, செல்போனில் அதே கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேமுக்கு நிரல் எழுதுகிறவன் அவன்; படம் வரைகிறவள் அவள். இதற்காக வங்கியில் இருந்த வேலையை உதறிவிட்டு வந்தவன். கெட்டிக்காரன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். அக்ராவில் கனேஷி சந்தைக்குப் பின்னால், ஏழெட்டுக் குடித்தனம் இருக்கும் ஒரு வளவில், கடைசி அறையை வாடகைக்கு எடுத்து இருவரும் வேலை செய்தார்கள்.

இந்த மாதிரி வசூலில் புதிதாக இறங்குகிறவர்கள் என்னென்ன தப்புச் செய்வார்களோ, அத்தனையையும் அவர்கள் ஒன்று விடாமல் செய்தார்கள். சர்ச்சில் கூரை போட நிதி கேட்டால் சபையே கை தூக்குமே, அப்படி ஊரே கை தூக்கும் என்று நம்பித் தொடங்கினார்கள். கையும் தூக்கினார்கள், கைதட்டவும் செய்தார்கள். பணம் மட்டும் வரவில்லை. எபோ காலை வானொலி நிகழ்ச்சியில் போய் உட்கார்ந்து கேட்டதற்கெல்லாம் தலையாட்டினான். பணம் போட்டவர்களுக்கு டி-ஷர்ட் உண்டா? உண்டு. கேமில் குமாசித் தெருக்கள் வருமா? வரும். தமாலே ஊர்? அதுவும் வரும். வாக்குக் கொடுக்க வரியா கட்டவேண்டும் என்பது அவன் கட்சி. ஒரு டி-ஷர்ட்டை லண்டனுக்கு அனுப்பும் தபால் செலவு, லண்டன்காரர் போட்ட பணத்தைவிட அதிகம் என்று செலாசி கண்டுபிடித்தபோது பாதி நாட்கள் ஓடியிருந்தன. கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. அவர்கள் கேமில் ஒரு பெண் அக்ரா மாதிரி ஓர் ஊரில் நடந்துகொண்டே இருப்பாள். சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகள். செத்தவர்கள் அந்தச் சுவரொட்டியிலிருந்து அவளோடு பேசுவார்கள். பணம் போடுகிறவர்கள் தங்களுடைய கண்ணீர் அஞ்சலியையே அந்தச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம் என்று செலாசி அறிவித்தாள். வயதாகிப் போனவருக்குக் கறுப்பு வெள்ளையில் 'மகிமைக்கு அழைக்கப்பட்டார்'. அல்பாயுசில் போனவருக்குச் சிவப்பு கறுப்பில் 'என்ன அதிர்ச்சி!'. சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டே ஆடுகிற ஊர் நம் ஊர்; கேட்கவா வேண்டும். டொரொண்டோவிலும் ஹாம்பர்க்கிலும் இருக்கிற நம் ஆட்கள் போட்டி போட்டுக்கொண்டு படம் அனுப்பினார்கள். ஒருவன் நூற்று இருபது வயதில் ஃபுஃபுக் களி விக்கிச் செத்ததாக எழுதியிருந்தான். இஷ்டப்பட்ட ஒரு பெயர், படம், இறந்த தேதி, போன் நம்பர், அவ்வளவுதான் கேட்டார்கள். படத்தில் இருப்பது நீங்கள்தானா என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய பரிசு சந்திச் சுவர். கேமில் நாலு தெருவும் கூடுகிற இடத்தில், மாடி உயரத்துக்கு ஒரே ஒரு சுவரொட்டி. அதற்கு எபோ விளையாட்டுக்கு யானை விலை வைத்தான். யாரும் எடுக்க மாட்டார்கள் என்றே நினைத்தார்கள். வசூல் முடியப் பத்து நாள் இருக்கும்போது 'சனிக்கிழமை' அதை எடுத்துக்கொண்டார். கோடு ஒரே தாவாகத் தாவியது. எபோ முற்றத்தில் ஓடிப்போய், கென்கி விற்கும் தெதெய் அக்காவைத் தூக்கிச் சுற்றி, அவளிடம் அகப்பை அடி வாங்கிக்கொண்டு வந்தான்.

வந்த படத்தில் ஒரு பெண் சிவப்பு கறுப்புத் துணியில் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். 'என்ன அதிர்ச்சி!' என்று தலைப்புப் போடச் சொல்லியிருந்தது. இறந்த தேதியைப் பார்த்தபோது செலாசியின் கை ஒரு நொடி நின்றது. அதுவரை வந்தவர்கள் எல்லாரும் அறுபது, எழுபது வருடம் தள்ளிப் போட்டிருந்தார்கள். இதில் வசூல் முடிகிற வாரத்து வியாழக்கிழமை என்றிருந்தது. எபோவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன், தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்றான். புருஷன் யாராவது பெண்டாட்டி பிறந்தநாளுக்குச் செய்கிற குறும்பாக இருக்கும் என்றான். அவளுக்கும் அதை நம்ப ஆசையாக இருந்தது. நம்பினாள். இரண்டு நாள் உட்கார்ந்து அந்த முகத்தை வரைந்தாள். கன்னத்து மச்சம், முன்பல் இடுக்கு, கழுத்து மடிப்பு ஒன்றையும் விடவில்லை. வேலை முடியும் முன்பே கேமின் ஒரு துண்டை இலவசமாக வெளியில் விட்டார்கள். ஊரில் கேம் விளையாடிக் காட்டி வீடியோ போடுகிற ஒருவன் சந்திச் சுவருக்குக் கீழே நின்று வயிறு வலிக்கச் சிரித்தான். அதை ஊரே பார்த்தது.

இப்போது செவ்வாய்க்கிழமை. நாலு மணிக்கு வளவு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. முற்றத்தில் தெதெய் அக்காவின் பானைகள் கொதித்துக்கொண்டிருந்தன. நாலைந்து பெண்கள் மாவை உருட்டிச் சோளமட்டையில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆவியைத் தாண்டி ஒரு பெண்மணி நிதானமாக நடந்து வந்தாள். செலாசி கையிலிருந்த கென்கி நழுவி விழுந்தது. தான் சாகடித்த ஆள் எதிரே நடந்து வருவதைப் பார்த்தவர்கள் உலகத்தில் அதிகம் இருக்க மாட்டார்கள்.

வந்தவள் வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

"நீதான் என்னைச் சாகடிச்ச பொண்ணா?"

குரலில் கோபமில்லை. எபோ துள்ளி எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவள் உட்கார்ந்து, அவன் நீட்டிய தண்ணீர்ப் பையின் முனையைப் பல்லால் கிழித்துக் குடித்தாள். பெயர் ஓஃபோரிவா என்றாள். தான்சோமானில் ஐஸ் மீன் கடை வைத்திருக்கிறாள். கல்லூரியில் படிக்கும் மகள் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே போன் செய்திருக்கிறாள். திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குப் போனால், இது விளையாட்டும்மா, வீட்டுக்குப் போங்க என்று சிரித்து அனுப்பிவிட்டார்களாம்.

செலாசி திக்கித் திணறி மன்னிப்புக் கேட்டாள். நீங்களே அனுப்பியதாக நினைத்தோம், இந்த நிமிஷமே எடுத்துவிடுகிறேன் என்று விசைப்பலகைக்குக் கையைக் கொண்டுபோனாள்.

"தொடாதே. நான் பாக்கணும் முதல்ல."

திரையில் நாலு தெருவும் கூடும் இடம் வந்தது. மாடி உயரத்துக்கு ஓஃபோரிவா சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே உட்கார்ந்திருந்த ஓஃபோரிவா சிரிக்காமல் வெகுநேரம் அதைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் வரைஞ்சிருக்கே. நிஜமா செத்தா எனக்கு இவ்வளவு நல்ல போஸ்டர் வராது."

எபோ சிரிக்கப் பார்த்து, முடியாமல் நிறுத்திக்கொண்டான்.

அந்தப் படம் எப்போது எடுத்தது என்று அவளே சொன்னாள். போன மாதம் புருஷன் வீட்டுப் பெரியப்பா ஒருவரின் சாவு. சாவுக்கு வந்த போட்டோக்காரன் வழக்கம்போல எல்லாரையும் எடுத்து, உடனே அச்சடித்து, கயிற்றில் தொங்கவிட்டு விற்றுக்கொண்டிருந்தான். அவரவர் படத்தை அவரவர் காசு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். இவள் போய்த் தேடியபோது இவள் படத்தை மட்டும் காணோம். யாரோ வாங்கிவிட்டார்கள் என்றான் போட்டோக்காரன்.

"வாங்கினது யாருன்னு கை காமிச்சான். என் வீட்டுக்காரர்தான். சட்டைப் பையில வச்சிருந்தார். இருபது வருஷத்துல ஒரு தடவை என் படத்தைக் காசு குடுத்து வாங்கியிருக்காரேன்னு எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அன்னிக்கு ராத்திரி நான் தூங்கவே இல்லை."

வெளியில் கார் ஹாரன் ஒருமுறை அடித்தது. சின்னதாக, மரியாதையாக.

"அவருதான். கூப்பிடறாரு" என்றாள் ஓஃபோரிவா.

செலாசி ஜன்னல் வழியாக வாசலில் நின்ற காரைப் பார்த்தாள். ஓஃபோரிவா அதைப் புரிந்துகொண்டு தாழ்ந்த குரலில் மேலே சொன்னாள். வியாழக்கிழமை அவள் பிறந்த வீட்டுப் பெரியவர்கள், புருஷன் வியரெடு கல்யாணத்துக்குப் பரிசமாகக் கொடுத்த சாராயப் பாட்டில்களை அவர் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுபோகிறார்கள். திருப்பி வைத்துவிட்டால் கல்யாணம் முறிந்தது. அந்த வியாழக்கிழமைதான் சுவரில் இருக்கிற தேதி. போஸ்டரைப் பார்த்ததும் வியரெடு ரொம்பப் பதறினாராம். உன் அண்ணன் ஆட்கள் செய்த வேலையாக இருக்கும், வா, அந்தப் பிள்ளைகளையே கேட்போம் என்று அவரே காரை எடுத்தாராம். வரமாட்டேன் என்றால், அவர் வேலைதான் என்று தனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அதனால் ஏறி உட்கார்ந்து வந்திருக்கிறாள். நீங்கள் வாயைத் திறப்பீர்களா மாட்டீர்களா என்று பார்க்கத்தான் அவரும் வந்திருக்கிறார்.

"எனக்கு ஆள் யாருன்னு தெரியும், பொண்ணே. ஆனா தெரிஞ்சவ நான் ஒருத்தி மட்டும்னா, வியாழக்கிழமை என்னோட அதுவும் போயிடும். படம் அனுப்பினவர் நம்பர் உங்ககிட்ட இருக்குமில்ல? அதைக் காட்டு. இன்னொருத்தர் கண்ணும் அதைப் பாக்கணும்."

எபோ செலாசியின் முழங்கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் இழுத்தான். பணம் போட்டவர்களின் விவரத்தை வெளியில் சொல்ல மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம் என்றான் முதலில். பிறகு உண்மையைச் சொன்னான்.

"ரெண்டே மணி நேரம், செலாசி. ஆறு மணிக்குக் கோடு பூட்டிக்கும். ஆறு அஞ்சுக்கு நம்பரைக் குடுப்போம். ஆன்ட்டியை அதுவரைக்கும் பேச்சுக் குடுத்து உக்கார வச்சுக்கலாம். இப்பக் காட்டி, அந்த ஆளுக்குத் தெரிஞ்சு, பின்வாங்கிட்டார்னா என் அம்மா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

அந்த நொடி செலாசியும் பச்சைக் கோட்டைப் பார்த்தாள். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். மூன்று வருடம் ஒரு வேளைச் சோற்றில் ஓட்டியது, தங்கை கல்யாணத்துக்குப் புதுத்துணி இல்லாமல் போனது எல்லாம் அந்தக் கோட்டில் இருந்தது. இரண்டு மணி நேரத்தில் என்ன ஆகிவிடும் என்று மனசு கேட்டது. தேதியைப் பார்த்துக் கை நின்ற அன்றைக்கும் அதே மனசுதான் அதே மாதிரி கேட்டது. அவள் எபோவின் கையை விலக்கிவிட்டு வந்து, 'சனிக்கிழமை' என்ற பெயரைத் திறந்து, திரையை ஓஃபோரிவா பக்கம் திருப்பினாள்.

ஓஃபோரிவா நம்பரை முழுசாகப் படிக்கக்கூட இல்லை. கடைசி நாலு எண்ணைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். இருபது வருடமாக நான் போடுகிற நம்பர் என்று முணுமுணுத்தாள். தெரிந்த விஷயம்தான், ஆனாலும் எங்கேயோ ஒரு மூலையில் அது வேறு யாராகவாவது இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்திருப்பாள் போல. உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

ஹாரன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை நீளமாக.

எபோவுக்குக் குற்ற உணர்ச்சி பிடுங்கியிருக்க வேண்டும். நான் போய் ஆன்ட்டி தண்ணீர் குடிக்கிறார் என்று சொல்லி அவரைச் சமாளிக்கிறேன் என்று கிளம்பினான். செலாசி வேண்டாம் என்பதற்குள் முற்றத்தைத் தாண்டிவிட்டான். எபோவால் வானொலியில் பொய்யாக எவ்வளவு வேண்டுமானாலும் வாக்குக் கொடுக்க முடியும். நேருக்கு நேர் ஒரு மனிதனின் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்ல வராது. அது செலாசிக்கு நன்றாகத் தெரியும். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கார்க் கண்ணாடி இறங்கியது. எபோ குனிந்து, பாஸ், பாஸ் என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். தலையைச் சொறிந்தான். பிறகு நிமிர்ந்து ஓர் அடி பின்னால் வந்தான்.

செலாசி திரைக்குத் திரும்பினாள். பச்சைக் கோடு சுருங்கியிருந்தது.

பொத்தென்று விழும் என்று அவள் பயந்துகொண்டிருந்தாள். அப்படி ஒன்றுமில்லை, சத்தமே இல்லாமல் பாதியாகிவிட்டது. அடியில் ஒரு வரி வந்திருந்தது: 'சனிக்கிழமை விலகிக்கொண்டார்.' மூன்று வருடம் போயிற்றே என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. காரில் இருந்தவனுக்குத் தெரிந்துவிட்டது என்பது மட்டும்தான் தோன்றியது.

"ஆன்ட்டி, அவருக்குத் தெரிஞ்சுடுச்சு."

கார்க் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. பாஸ், கொஞ்சம் நில்லுங்க என்ற எபோவின் குரல் கேட்டது. அப்புறம் எபோ எதன்மேலோ மோதி விழுகிற சத்தம். செலாசி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அது ஓர் உதை தாங்காத தாழ்ப்பாள். வாடகைக்கு வந்த நாளிலிருந்தே மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். திருடன் என்று கத்தலாம். கத்தினால் கனேஷியே திரண்டு வந்து ஆளை அடித்தே கொன்றுபோடும். அப்படிச் செத்தவன் ஒருவனை இதே தெருவில் அவள் பார்த்திருக்கிறாள். வேறு என்ன கத்துவது என்று தெரியவில்லை.

ஓஃபோரிவா எழுந்தாள். இடுப்புத் துணியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினாள். தலைத்துணியை உருவி எறிந்தாள். செலாசி போட்ட தாழ்ப்பாளைத் தானே நீக்கி, வாசற்படியில் நின்று, இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள்.

"அம்மா, என்னைப் பெத்தவளே, உன் மக ஓஃபோரிவா போயிட்டாளே! வியாழக்கிழமை போகவேண்டியவ செவ்வாக்கிழமையே போயிட்டாளே!"

அந்த வளவில் சண்டை என்றால் யாரும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். சாவு என்றால் ஒருத்தி பாக்கியில்லாமல் வருவார்கள். மாவுக் கையோடு கென்கிப் பெண்கள் ஓடி வந்தார்கள். துணி துவைத்துக்கொண்டிருந்தவள் நுரைக் கையோடு வந்தாள். பக்கத்து வளவிலிருந்து மதிலுக்கு மேல் தலைகள் முளைத்தன. யார் செத்தது, யார் செத்தது என்று கேட்டுக்கொண்டே, பதில் வரும் முன்பே இரண்டு பேர் சேர்ந்து அழவும் தொடங்கிவிட்டார்கள். வியரெடு முற்றத்தின் நடுவுக்கு வந்தபோது அவனுக்கும் அறைக்கும் நடுவில் இருபது பெண்கள் நின்றார்கள்.

ஆள் பார்க்க லட்சணமாக இருந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பளபளக்கும் செருப்பு. முகத்தில் நல்ல சிரிப்பு. செலாசி அவ்வளவு பயங்கரமான சிரிப்பை எதிர்பார்க்கவில்லை.

ஓஃபோரிவா அழுகையை நிறுத்தாமலே கையை மட்டும் நீட்டிக் காட்டினாள். செலாசி கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் பிடித்தாள். பெண்கள் சுவரில் சிரிக்கும் முகத்தைப் பார்த்தார்கள், படியில் அழும் முகத்தைப் பார்த்தார்கள், அப்புறம் தேதியைப் பார்த்தார்கள். அழுதுகொண்டிருந்த இருவரும் நிறுத்திக்கொண்டார்கள்.

"ஒண்ணுமில்லை, இது கேம்" என்றான் வியரெடு. "என் பெண்டாட்டிக்கு ஒரு சர்ப்ரைஸ் பரிசு. இதுக்குப் போய் இத்தனை கூட்டமா?"

தெதெய் அக்கா பானை கிண்டும் நீளத் துடுப்போடு முன்னால் வந்தாள்.

"சாவுத் தேதி போட்டா உங்க ஊர்ல பரிசு குடுப்பாங்க? நல்லது. அப்ப வியாழக்கிழமை அந்தப் பரிசைப் பாக்க நாங்களும் வரோம். கென்கி கொண்டாரோம். வெள்ளிக்கிழமையும் வரோம். அந்த அம்மா உடம்புல ஒரு கீறல் இருந்தாக்கூட கனேஷிப் பொம்பளைங்களுக்கு நீ பதில் சொல்லணும்."

அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். யாரும் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் அவன்தான் திரும்பினான். போகும்போதும் அந்தச் சிரிப்பு கொஞ்சமும் குறையவில்லை. கார் கிளம்பிப் போயிற்று. மணலில் உட்கார்ந்து முழங்கையில் ரத்தம் துடைத்துக்கொண்டிருந்த எபோவின் பக்கத்தில் செலாசி போய் உட்கார்ந்தாள். அவன், நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டான் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். பிறகு, ஆறு அஞ்சுக்குக் குடுப்போம்னு சொன்னேனே, நான் என்ன மனுஷன் என்று கேட்டான். ஆறு மணி எப்போது தாண்டியது என்று இருவருமே கவனிக்கவில்லை.

இரவுக்கு முன்னால் ஓஃபோரிவாவின் அண்ணன்மார் வந்து அவளைப் பிறந்த ஊரான கோஃபொரிடுவாவுக்கு அழைத்துப்போனார்கள். சுவரொட்டியைக் கிழித்துவிடட்டுமா என்று செலாசி கேட்டாள். ஓஃபோரிவா கூடாது என்றாள்.

"இருக்கட்டும். எல்லாரும் பாக்கட்டும். அவனும் பாக்கட்டும். வியாழக்கிழமை போனப்புறம் வெள்ளிக்கிழமை நானே வந்து என் கையால எடுக்கறேன்."

அடுத்த இரண்டு நாளும் செலாசி தூங்கினாள் என்று சொல்ல முடியாது. கண்ணை மூடினால் அந்த வெள்ளைச் சட்டை வந்தது. எழுந்து உட்கார்ந்து, சுவரில் ஒட்டிய மற்ற முகங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒவ்வொன்றின் கீழும் இருந்த நம்பருக்கு ஒரே கேள்வியை அனுப்பினாள்: படத்தில் இருப்பது நீங்கள்தானா? சிரிப்புப் பொம்மைகளோடு பதில்கள் வந்தன. வசூல் தோற்றது பற்றி வருத்தம் சொன்னார்கள். ஃபுஃபு விக்கிச் செத்தவன், அடுத்த தடவை இரண்டு மடங்கு போடுகிறேன் என்று எழுதியிருந்தான். அவள் ஒவ்வொரு பதிலுக்கும் மூச்சு விட்டாள்.

வியாழக்கிழமை மாலை, பாட்டில்களைத் திருப்பிக் கொடுத்தாயிற்று என்று ஓஃபோரிவாவின் மகளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அதன் பிறகு ஒன்றும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை செலாசி குளிக்காமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். மதியம் ஆயிற்று. ஓஃபோரிவாவின் போன் அணைந்திருந்தது. மகளின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. தெதெய் அக்கா மூன்று தடவை வந்து கேட்டுவிட்டு, நாலாவது தடவை கேட்காமலே பார்த்துவிட்டுப் போனாள். எபோ ஸ்டேஷனுக்குப் போகலாமா என்றான். போய் என்ன சொல்வது? கேமில் ஒரு தேதி இருக்கிறது என்றா? அந்தத் தேதியைத் தன் கையால் எழுத்து எழுத்தாகச் சிவப்பு வண்ணம் தீட்டி எழுதினோம் என்ற நினைப்பு செலாசியை விடவில்லை.

இருட்டுகிற நேரத்தில் வாசலில் ஒரு ட்ரோட்ரோ வேன் நின்றது. தலையில் ஒரு ஐஸ் பெட்டியோடு ஓஃபோரிவா இறங்கினாள்.

"ரெண்டு நாளா கரண்டு இல்லையாம். கடை மீன் பூரா இளகிப்போச்சு. போன்லயும் சார்ஜ் இல்லை. மகளும் என்கூட மீனோட மல்லாடினதுல போனைப் பாக்கலை. என்ன எல்லாரும் பேயைப் பாத்த மாதிரி நிக்கறீங்க? இந்தா, கெடறதுக்குள்ள பொரிச்சுச் சாப்பிடுங்க."

செலாசி அவள் தோளில் முகத்தை வைத்து ஓவென்று அழுதாள். மீன் வாடையும் பவுடர் வாடையும் அடித்தன. ஓஃபோரிவா அவள் முதுகில் தட்டிக்கொண்டே உள்ளே வந்து கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள். எந்தப் பொத்தான் என்று கேட்டாள். செலாசி காட்டினாள். ஓஃபோரிவா ஒரு விரலால் அழுத்தினாள். சந்திச் சுவர் வெறும் சிமெண்டுச் சுவராக நின்றது.

அவள் எழுந்திருப்பாள் என்று செலாசி நினைத்தாள். எழுந்திருக்கவில்லை. பக்கத்துச் சுவர்களில் சிரித்துக்கொண்டிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இவங்களையெல்லாம் கேட்டியா?"

"கேட்டேன் ஆன்ட்டி. எல்லாரும் பதில் போட்டாங்க. ஒருத்தரைத் தவிர."

"எது?"

செலாசி ஒரு முகத்தைத் தொட்டுக் காட்டினாள். கடைசி நாள் கூட்டத்தில் வந்த படம்; வயதானவர் ஒருவர். கண்ணாடி போட்டு, நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். தேதி அடுத்த மாதம்.

ஓஃபோரிவா நாற்காலியை இழுத்துப் போட்டு அவளையும் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"எழுதிக் கேட்டா போதாது. போன் போடு."

செலாசி நம்பரைப் போட்டு, இருவரும் கேட்கும்படி மேசைமேல் வைத்தாள். மணி அடித்தது. யாராவது எடுக்கட்டும், யாரடா இந்த நேரத்தில் என்று எரிந்து விழட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். ஓஃபோரிவாவின் ஈரக் கை அவள் கையைப் பிடித்துக்கொண்டது. மணி அடித்துக்கொண்டே இருந்தது.